படத்துப் பிள்ளையின் கன்னம்

வாழைப்பூவின் மடலை உரித்துக் கீழே போட்டு, உள்ளே சீப்புச் சீப்பாக ஒட்டிக்கொண்டிருந்த பூக்களைக் கொத்தாகக் கிள்ளி எடுத்து, ஒவ்வொன்றின் வாயையும் விரித்து, நடுவில் விறைத்துக்கொண்டு நிற்கிற வேகாத நரம்பை, அந்தக் கள்ளனை, நகத்தால் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு, மீதியை மோர்த் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள் சுகந்தி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தாள், ஆனாலும் கறை ஏறிவிட்டது. வலது கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. விரலை மடக்கினால் தூளி இந்தப் பக்கம் வரும், விட்டால் அந்தப் பக்கம் போகும். உள்ளே கயல். வருகிற ஐப்பசியில் மூன்று வயசு முடியப் போகிறது, கால் இரண்டும் தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் உடம்புக்கு வந்தால் அதற்குத் தூளிதான் வேண்டும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சுடுகிறது. ஒன்றுமில்லை, பல்லு வர்ற சூடாயிருக்கும் என்று அத்தை சொன்னாள். பல்லெல்லாம் எப்போதோ முளைத்தாயிற்று, அது அத்தைக்கும் தெரியும், பின்னே ஏன் அப்படிச் சொன்னாள். இன்னொரு மடல். இது கொஞ்சம் வெளுப்பு, உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைதான், அத்தையின் பழைய மெல்லிசான வாயில் புடவையைக் கிழித்துத் தைத்தது, அதன் வழியாக ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், பேச்சு அப்படியே வரும். அந்தப் பக்கம் மூன்று பேர். அவள் வீட்டுக்காரர் பாலகுரு, அவரைப் பெற்ற அத்தை தையல்நாயகி, அப்புறம் சென்னையிலிருந்து வந்திருக்கிற மோகனரங்கம் என்கிற பெரிய மனிதர். படங்களை வாங்கிச் சுவரில் மாட்டி, நாலு பேர் வந்து பார்க்கிற மாதிரி ஓர் இடம் வைத்திருக்கிறாராம். கேலரி என்று பேராம். “கடையா சார்?” என்று பாலகுரு கேட்டதற்கு, “கடைதான் தம்பி. ஆனா வர்றவங்க முக்காவாசிப் பேரு பாத்துட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க” என்றார்.

பெரியவரைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து கார் வரும் என்று யார் கண்டது. பெரியவர் என்றால் தெய்வநாயகம், அத்தையின் புருஷனுக்கு அண்ணன். கல்யாணம் கட்டாதவர். வீட்டில் யாரும் அவரைப் பேர் சொல்ல மாட்டார்கள். சீர்காழி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாராம், ரயில் வராத நேரத்தில் பிளாட்பாரத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு தகர டப்பாவில் பிடித்து வைத்துக்கொண்டு படம் வரைவாராம். சுகந்தி கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. சென்னையில் எங்கேயோ ஒரு பிரேம் கடையில் பழைய முருகர் படத்தின் கண்ணாடி உடைந்து, பிரித்துப் பார்த்தால் முருகருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து வைத்திருந்த காகிதத்தில் மழை பெய்கிற ஒரு பிளாட்பாரம், மூலையில் பெரியவர் பேரும் ஊர்ப் பேரும். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்றார் மோகனரங்கம். “முருகர்தான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காரு சார்” என்றார் பாலகுரு. “இத்தனை வருஷமா முதுகுல மறைச்சு வச்சிருந்ததும் அவருதாங்க” என்றார் அவர். நேற்று மத்தியானம் வந்தவர், பரணிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லி, கூடம் முழுக்கப் பரப்பி, மண்டி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்டவாளத்தில் படுத்திருக்கிற மாடு, சாக்கடை ஓரத்து வெயில், மழையில் நனைந்த மூட்டைகள். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தாளு பாக்குறதப் பாரேன், சந்தையில பலாப்பழம் பாக்குற மாதிரி, தட்டிப் பாக்காததுதான் பாக்கி” என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் பார்த்த பிறகு, “இவ்வளவுதானாம்மா?” என்று கேட்டார். இவ்வளவுதான் என்று அத்தை சொன்னாள், சட்டென்று சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். பாலகுருவுக்கு வாய் சும்மா இருக்காது. ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு வயர் இழுக்கிற மனுஷன், எந்த வீட்டில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பழக்கம். “உள்ள ஒண்ணு சுவத்துல ஒட்டியிருக்கு சார்” என்று சொல்லிவிட்டார். அவர் உள்ளே வந்தார். சுகந்தி எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை, படத்தின் முன்னால் போய் நின்றார், நின்றவர் நின்றவர்தான், ஜன்னல் வெளிச்சம் போகிற வரைக்கும் நின்றார். கயல் கட்டிலில் உட்கார்ந்து அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதன் நெற்றி சுட ஆரம்பித்தது. இன்று காலையில் மறுபடி வந்து, மெல்லிசான பிளேடு ஒன்றை வைத்து மூலை மூலையாகப் படத்தை எடுத்தார். சோற்றுப் பருக்கை காய்ந்து சுவரை விட்டு விடுகிற சத்தம், அப்பளத்தின் ஓரம் நொறுங்குகிற மாதிரி சின்னச் சத்தம், அடுப்படியில் நின்ற அவளுக்குக் கேட்டது. இப்போது சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

ஒட்டியது அவள்தான். கயல் வயிற்றில் இருந்தபோது. நல்ல பிள்ளைப் படமாகப் பார்த்துக்கொண்டிரு, பார்க்கிற மாதிரி பிறக்கும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பாலகுரு மருந்துக் கடையில் கெஞ்சி ஒரு காலண்டர் வாங்கி வந்தார், வெண்ணெய்ச் சட்டியோடு கிருஷ்ணர், கன்னமெல்லாம் தக்காளி. அதைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை யாருக்கும் பிள்ளை இல்லை மாதிரி இருந்தது. அந்த வருஷத்து மழைக்கு ஓடு ஒழுகி, பரணில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார்கள், ஓரம் அவிழ்ந்திருந்ததில் ஒரு காகிதம் நழுவி வெளியே வந்தது. கிணற்றடியில் ஒரு தவலைக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிற பெண்பிள்ளை. வெளுத்த பாவாடை. ஒரு கை தவலைக்குள்ளே இருக்கிறது. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் பார்க்கிறவரைப் பார்க்கவில்லை, பார்க்கிறவருக்குப் பின்னால் அதற்கு வேண்டிய யாரோ வருகிற மாதிரி பார்க்கிறது. சுகந்தி முதல்தடவை பார்த்தபோது திரும்பிப் பின்னால் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது. நாலு மூலைக்கும் சோற்றுப் பருக்கை வைத்துக் கட்டிலுக்கு எதிரே ஒட்டிவிட்டாள். படுத்துக்கொண்டு பார்ப்பாள், தவலைத் தண்ணீர் மின்னுகிற மாதிரியே இருக்கும், ஒரு நாள் எழுந்துபோய் விரலால் தொட்டுப் பார்த்தால் அங்கே வர்ணமே இல்லை, வெறும் காகிதம். ஒன்றும் போடாமல் விட்டதுதான் தண்ணீர். பெரியவர் எப்படி அதை விட்டார், கை சும்மா இருக்குமா, அவளாக இருந்தால் ஏதாவது பூசியிருப்பாள். ஒட்டிய அன்றைக்கு அத்தை கஷாயம் எடுத்துக்கொண்டு வந்தாள், மூக்குக் கண்ணாடிகூடப் போடவில்லை, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “எங்க இருந்துச்சு இது?” என்றாள். மூட்டையிலிருந்து விழுந்தது, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடட்டுமா அத்தை என்று கேட்டாள் சுகந்தி. கஷாயம் தளும்பித் தரையில் சொட்டியது. “வேணாம். புள்ளத்தாச்சி ஆசைப்பட்டத எடுக்கக் கூடாது. இருக்கட்டும்” என்றாள். அதற்கப்புறம் இந்த அறைக்குள் வந்தால் அத்தை பக்கவாட்டில் நடந்து வருவாள், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மடித்த துணியை வைத்துவிட்டுப் போவாள். சுவரைப் பாழ் பண்ணிவிட்டேன் என்று கோபம் என்றுதான் சுகந்தி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு மண்டு. கயல் பிறந்து, முகம் தெளிந்து, தலைமுடி சுருண்டு, நடக்கப் பழகி, குழாயடியில் குந்தி உட்கார ஆரம்பித்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் அம்மா ஜாடையும் இல்லை அப்பா ஜாடையும் இல்லை என்றார்கள். யார் ஜாடை என்று சுகந்திக்குத் தெரியும். படத்துப் பிள்ளையேதான். பார்த்துப் பார்த்துப் பெற்றது அல்லவா. அப்போதெல்லாம் அதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

“வெளிச்சம்தான் தம்பி இந்தப் படம் பூரா” என்று கூடத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. “தண்ணி, வெயிலு, பாவாடை, எல்லாம் காத்துல போயிடும்போல இருக்கு. ஒரே ஒரு புள்ளிதான் எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்துது. இதோ, கன்னத்துல. இந்தக் கறுப்பு இல்லன்னா படமே இல்ல.” “அது திருஷ்டிப் பொட்டு சார்” என்றார் பாலகுரு. “தெரியுது தம்பி, எங்க வீட்லயும் வைப்பாங்க. ஆனா எப்படி வச்சிருக்காரு பாருங்க. எல்லாம் நல்லாக் காஞ்சப்புறம், கடைசியா, ஒரே ஒரு தடவை. கறுப்பச் சுத்தி லேசா ஒரு மஞ்ச வட்டம், எண்ணெய் மாதிரி. அதுமேல ஒரு மினுக்கு. தண்ணி வர்ணத்துல இது வரவே வராது. நானும் இத்தனை வருஷமா படம் பாக்குறேன், இத எப்படிப் பண்ணாருன்னு எனக்குப் பிடிபடல.” சுகந்தியின் கை நின்றது. கால்விரலும் நின்றது, தூளி பாதியில் இழுபட்டு நின்றது, கயல் முனகியதும் மறுபடி ஆட்டினாள். எண்ணெய் மாதிரி இல்லை. எண்ணெய்தான். விளக்கெண்ணெய். வீட்டில் கரி பிடித்துக் குழைத்த மை. பெரியவர் வைத்த பொட்டு இல்லை அது, போன வருஷம் அவள் வைத்தது.

ஜெயக்கொடி அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டாள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் சுகந்தி, கயல் கீழே வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள், அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அமிர்தம் மாதிரியே உக்காருதுடி” என்றாள். யார் அமிர்தம் என்று கேட்டாள் சுகந்தி. “சொல்லலியா உங்க அத்தை? அதானே, சொல்ல மாட்டா. உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, பொண்ணு, மூணு வயசு. இதே கெணத்தடியிலதான் பெரியவரு அத உக்கார வச்சுப் படம் வரைஞ்சாரு. நான் சின்னப்புள்ள, சுவத்துல ஏறி வேடிக்கை பாக்குறேன். உங்க அத்தை வந்து பாத்தா. என்னாங்க, கன்னத்துல பொட்டையே காணும், நான் காலையில வச்சு வுட்டேனேன்னா. அவரு சிரிச்சிகிட்டு, ஈரம் காயட்டும்மா, கறுப்பக் கடைசியாத்தான் வைக்கணும், இப்ப வச்சா கன்னமெல்லாம் ஓடிப்போயிடும்னாரு. காயறதுக்கு வெளியில வச்சாரு. தெருவுல போறவன் வர்றவனெல்லாம் நின்னு, என்னா புள்ள, என்னா புள்ளன்னு பாத்துட்டுப் போனானுங்க. அன்னைக்கே அதுக்கு ஜொரம். அந்த வாரம் தாண்டல.” அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதோட சரி, உங்க அத்தை அவருகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவரு சாகுற வரைக்கும். சோத்தப் போடுவா, தண்ணி வைப்பா, வாயத் தொறக்க மாட்டா. பொட்டில்லாம எம் புள்ளைய ஊரு பாக்க வச்சுட்டாருன்னு அவளுக்கு. அவரும் அப்புறம் பிரஷ்ஷத் தொடவே இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாத தாயே.” சுகந்தி ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, புடவை முழுக்க நனைந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பெற்றது. எதைப் பார்த்து. அத்தனை மாசமும் கண்ணை எடுக்காமல் எதைப் பார்த்தாள். காலண்டர் கிருஷ்ணருக்கு என்ன குறை, தக்காளிக் கன்னமாக இருந்தால்தான் என்ன. படத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தாள், இதே முகம், இதே சுருட்டை, எப்படிக் கிழிப்பது. மறுநாள் கயலைக் குளிப்பாட்டி மை வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்த மையோடு திரும்பியவள் கண்ணில் படத்துப் பிள்ளையின் கன்னம் பட்டது. வெறுங்கன்னம். காய்ந்தபிறகு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை வருஷம் யாரும் வைக்காத கன்னம். கை தானாகப் போய் வைத்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் சுற்றிலும் எண்ணெய் இறங்கியிருந்தது. பவுடரை ஒற்றிப் பார்த்தாள், எண்ணெய் போகவில்லை, பவுடர்தான் ஒட்டிக்கொண்டு மினுக்கியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அத்தை அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள், பாலகுருவோ அந்தச் சுவரில் எருமை மாடு நின்றாலும் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பார்.

பொட்டு வைத்தபிறகு ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தாள். இப்போது அதுதான் வினையாக வந்து நிற்கிறது. பார்க்கிறவன் கண் முதலில் பொட்டில் விழ வேண்டும், விழுந்து அங்கேயே முறிந்துபோக வேண்டும், அதற்குத்தானே வைப்பது. இந்த மனிதர் கண் பொட்டில் விழுந்தது, முறியவில்லை, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. “இதத்தான் அழைப்பிதழ்ல போடப்போறேன்” என்கிறார், “வாசல்ல ஆளுயரத்துக்குப் பெரிசா அடிச்சு வைக்கப்போறேன், அந்தக் கன்னத்த மட்டும், பொட்டோட. பஸ்ல போறவன்கூடத் திரும்பிப் பாக்கணும். அப்புறம் டெல்லி, அப்புறம் வெளிநாட்டுல கேட்டிருக்காங்க.” “எடுத்துட்டுப் போங்க சார், இங்க இருந்தா கரையான்தான் பாக்கும்” என்கிறார் பாலகுரு, சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு, பேப்பரில் பெரியப்பா பேர் வருமா, எங்கள் பேரும் வருமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆளுயரம். கன்னமே ஆளுயரம் என்றால் பொட்டு தோசைக்கல் அளவு இருக்கும். பஸ்ஸில் போகிறவன், வெயிலில் நிற்கிறவன், பசியோடு பார்க்கிறவன், பிள்ளை இல்லாதவள் பார்ப்பாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் பார்ப்பாள், எத்தனை கண், ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு சாயங்காலம் பார்த்ததற்கே உடம்பு இப்படிச் சுடுகிறது. பூவை விட்டுவிட்டு எட்டிக் கயலின் பாதத்தைத் தொட்டாள், கறைபடாத புறங்கையால். சூடு. காலையில் இருந்ததைவிட அதிகமா, அதே அளவா, தெரியவில்லை, கை குளிர்ந்திருக்கிறது, மோர்த் தண்ணீரில் கிடந்த கை, அதனால் அப்படித் தெரியலாம். ஐப்பசி வந்துவிட்டால் போதும், மூன்று தாண்டிவிட்டால் போதும் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வந்து கதவைத் தட்டியிருக்கிறார் இந்த மனிதர். கெட்டவர் இல்லை. கொடுத்த போண்டாவைத் தொடாமல் வைத்திருக்கிறார், படத்தில் எண்ணெய் பட்டுவிடுமாம். சிரிப்பதா அழுவதா.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பொட்டு நான் வைத்தது, மையும் விளக்கெண்ணெயும். அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கும், பாழாப்போச்சே என்பார், பிளேடை எடுத்துச் சுரண்டப் பார்ப்பார், இல்லை, படத்தை வைத்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார், கெட்டுப்போன படத்தை எவன் வாசலில் வைப்பான். மறுபடி சுவரில் அந்த வெள்ளை இடத்தில் ஒட்டிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் எப்படிப் போய் நின்று சொல்வது. ஆறாவதோடு நின்றவள், பள்ளிக்கூடத்திலேயே வருகைப் பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்பது தொண்டையை விட்டு வராது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, ஏதாவது பேசச் சொல்லுங்களேன், வாய் பேசுமா பேசாதா என்று யாரோ ஒருத்தர் கிண்டல் பண்ணியபோது, “பேசாத பொண்ணாப் பாத்துத்தான் வந்திருக்கேன், பேசறதுக்கு வீட்டுல நான் இருக்கேன்” என்று அத்தைதான் ஒரு போடு போட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அன்றைக்கே சுகந்திக்கு அத்தையைப் பிடித்துப்போயிற்று. அந்த அத்தை முன்னால் போய் எதைச் சொல்வது. ஏன் வைத்தாய் என்று கேட்பாள். கேட்டால் அமிர்தம் என்று பேரைச் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர், பாலகுருவுக்குக்கூடத் தெரியுமோ என்னவோ, அத்தை முகத்தைப் பார்த்து அதை எப்படி. நீ எப்படிடி தெரிஞ்சுகிட்ட என்பாள், ஜெயக்கொடி அக்கா தலை உருளும். இல்லை, அத்தை ஒன்றும் கேட்க மாட்டாள். பெரியவரிடம் பேசாத மாதிரி இவளிடமும் பேசாமல் இருந்துவிடுவாள், சோற்றைப் போட்டுத் தண்ணீரை வைத்து, சாகிற வரைக்கும். அது வேண்டாம், அதைவிடத் திட்டலாம். இன்னொரு மனசு சொல்கிறது, போகட்டுமே, பீடை போகட்டும், செத்த பிள்ளையின் படம் வீட்டைவிட்டுப் போனால் நல்லதுதானே, அதனால்தானே அத்தை வாயை மூடிக்கொண்டு எடுத்துப்போக விடுகிறாள். நேற்று இவ்வளவுதான் என்று மறைக்கப் பார்த்தவள் இன்று கயல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுத்துட்டுப் போகட்டும்டா என்று பாலகுருவிடம் சொன்னாளே. அத்தை ஒரு கணக்குப் போடுகிறாள், இவள் ஒரு கணக்குப் போடுகிறாள், இரண்டும் கயலுக்காகத்தான், எது சரி. படம் போனால் பிள்ளை பிழைக்குமா, படம் போனால்தான் பிள்ளைக்கு ஆபத்தா. யாரைக் கேட்பது. டாக்டரிடம் இதைக் கேட்க முடியுமா, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கள்ளனை எடுக்காமலே ஒரு பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டாள், தேடி எடுத்தாள், எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி மிதந்தன.

“அம்மா, நீங்க தள்ளியே நிக்கிறீங்களே” என்று அவர் குரல். “நேத்துலேர்ந்து பாக்குறேன், எல்லாப் படத்தையும் கையில எடுத்துப் பாத்தீங்க, இது பக்கம் மட்டும் திரும்பவே இல்ல. கட்டி எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிட்ட வந்து பாருங்கம்மா. உங்க வீட்டுப் படம்.” “நான் பாத்ததுதாங்க” என்றாள் அத்தை. “எப்ப பாத்தீங்க?” என்றார் அவர். “அட பாரும்மா, கேக்குறாருல்ல” என்றார் பாலகுரு. அப்புறம் அத்தையின் மூக்குக் கண்ணாடிக் கூடு திறக்கிற சத்தம், டப் என்று. திரையில் அத்தையின் நிழல் இரண்டு அடி நகர்ந்து, குனிந்து, குனிந்தபடியே நின்றது. வெளியே கார் டிரைவர் கதவைத் திறந்து அட்டையை எடுக்கிறார், படத்தை வைத்துக் கட்டுவதற்கு. கட்டிவிட்டால் அப்புறம் பேசிப் பிரயோஜனமில்லை. கயல் தூக்கத்தில் இருமியது, ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் அம்மா என்றது, கண் திறக்காமலே, கூப்பிடுவதற்காக இல்லை, இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்கு. இருக்கேன் கண்ணு என்றாள். சொன்னதும் பயம் தீர்ந்துபோன ஓர் இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை பேசாவிட்டால் போகிறாள். அவர் சிரித்தாலும் சரி, பாலகுரு நாளைக்கு நாலு வீட்டில் வயர் இழுக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்தாலும் சரி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்துகொண்டாவது, யார் முகத்தையும் பார்க்காமலாவது சொல்லிவிட வேண்டியதுதான், அந்தப் பொட்டைப் பெரியவர் வைக்கவில்லை, அவர் வைக்காமலேதான் போய்ச் சேர்ந்தார், வைத்தது

“சுகந்தி.”

அத்தைதான் கூப்பிட்டாள். ஆனால் இந்தக் குரலில் அவள் இதுவரை கூப்பிட்டதில்லை, உடைந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. “இங்க வாயேன். கைய அப்புறம் கழுவிக்கலாம், வா. வந்து இந்தக் கன்னத்தப் பாரேன். பெரியவரு பொட்டு வச்சிருக்காரும்மா. காயட்டும்னு சொன்னாரு, காஞ்சப்புறம் வச்சுத்தான் இருக்காரு. நான்தான் திரும்பிப் பாக்காமலே அந்த மனுஷன”

“வர்றேன் அத்தை” என்று எழுந்தாள் சுகந்தி, கால்விரலிலிருந்து கயிறு நழுவ, சொல்ல வந்தது பல்லுக்குப் பின்னால் அப்படியே நிற்க, திரையை விலக்கிக்கொண்டு